ஆறு மாதம் பால் திரையாத ஊர்: ஹாஸ் சீஸ் ஆலை, 1992

1992 மே மாதம் ஹாஸ் ஊரின் சீஸ் ஆலை மூடப்பட்டது. 59 பேருக்கு வேலை போயிற்று. இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயர் டேல்ஸ் மலைப்பகுதியில், வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் இருக்கிற சிறிய சந்தை ஊர் அது. 2011 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 1,137. குழந்தைகளையும் முதியவர்களையும் கழித்துவிட்டு, வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று யோசித்துப் பார்த்தால் 59 என்ற எண்ணின் கனம் தெரியும்.

ஆலையை மூடிய நிறுவனம் டெய்ரி கிரெஸ்ட். அரசுச் சட்டத்தால் உருவான பால் விற்பனை வாரியத்தின் துணை நிறுவனம் அது. வென்ஸ்லிடேல் சீஸை இனி பக்கத்துக் கவுண்டியான (மாவட்டம் போன்ற பிரிவு) லங்காஷயரில் உள்ள லாங்ரிட்ஜ் ஆலையில் செய்வோம் என்றார்கள். கணக்குப் புத்தகத்தில் இது ஓர் இடமாற்றம். ஆனால் யார்க்‌ஷயர்காரருக்கு லங்காஷயர் என்பது பரம்பரைப் போட்டியாளர். 15-ஆம் நூற்றாண்டில் யார்க் குலமும் லங்காஸ்டர் குலமும் அரியணைக்காக மோதிய போரின் பெயரில்தான் இரண்டு கவுண்டிகளும் இன்றுவரை கிரிக்கெட் ஆடுகின்றன. தன் பள்ளத்தாக்கின் பெயரைத் தாங்கிய சீஸ் அந்த ஊரில் தயாராகும் என்பதை ஹாஸ் மக்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

ஆறே மாதத்தில் ஆலை திரும்ப வந்தது. நவம்பரில் ஆலையின் பழைய மேலாளர்களும் உள்ளூர்த் தொழில்முனைவர் ஒருவரும் சேர்ந்து அதை விலைக்கு வாங்கினார்கள். பழைய தொழிலாளர்கள் 11 பேர் வேலைக்குத் திரும்ப, அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முன்பே பால் திரைந்தது. இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் இப்படி மூடப்பட்ட சிறு பால் ஆலைகள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை வீடுகளாகவோ கிடங்குகளாகவோ மாறிவிட்டன. ஹாஸ் மட்டும் எப்படித் திரும்பியது என்பதுதான் என் கேள்வி. வழக்கமாகச் சொல்லப்படும் பதில் ஒன்று உண்டு, ஒரு களிமண் பொம்மையின் கதை. அது பாதி பதில்தான். மீதியைத் தேட ஊரின் தொடக்கத்துக்கே போக வேண்டும்.

சந்தை என்பது ஓர் உரிமை

இங்கிலாந்தில் ஓர் ஊரைச் சந்தை ஊர் என்று சொன்னால் அங்கே கடைவீதி இருக்கிறது என்று மட்டும் பொருளல்ல. வாரத்தில் இன்ன நாளில் சந்தை கூட்டலாம் என்று அரசர் சாசனம் கொடுத்திருக்க வேண்டும். ஹாஸுக்கு அந்தச் சாசனம் மிகத் தாமதமாக, 1699-ல் மூன்றாம் வில்லியம் காலத்தில்தான் கிடைத்தது. இன்றும் செவ்வாய்க்கிழமைதான் சந்தை நாள்.

அதற்கு முன் இந்தப் பள்ளத்தாக்கின் சந்தை வேறு ஊர்களில் இருந்தது. இங்கே ஓடும் ஆற்றின் பெயர் யூர். பக்கத்துப் பள்ளத்தாக்குகள் பெரும்பாலும் ஆற்றின் பெயரைத் தாங்கியிருக்க, இது மட்டும் வென்ஸ்லி என்ற கிராமத்தின் பெயரைத் தாங்கியிருக்கிறது. காரணம், 1202-ல் சாசனம் பெற்ற வென்ஸ்லி அன்று பெரிய சந்தை ஊர். 1563-ல் கொள்ளைநோய் வந்து அந்த ஊர் நிலைகுலைந்தது, சந்தையும் போயிற்று. 1587-ல் ஆஸ்க்ரிக் சாசனம் பெற்றுத் தலையெடுத்தது. நூறு ஆண்டு கழித்து ஹாஸ் வந்தது. 1795-ல் ரிச்மண்டையும் லங்காஸ்டரையும் இணைக்கும் சுங்கச் சாலை ஹாஸ் வழியாகத் திருப்பிவிடப்பட்டதும் ஆஸ்க்ரிக்கின் காலமும் முடிந்தது. இன்று வென்ஸ்லியும் ஆஸ்க்ரிக்கும் அழகான, அமைதியான கிராமங்கள்.

ஆக, இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு சந்தை ஊர் செத்து இன்னொன்று பிறப்பது புதிதல்ல. 1992-ல் ஹாஸ் மக்களுக்கு வந்த பயம் வெறும் மனப்பிரமை இல்லை. அரை மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் அதற்குச் சாட்சியாக இரண்டு ஊர்கள் இருந்தன.

பால் ஏன் சீஸ் ஆனது

ஹாஸ் கடல்மட்டத்தில் இருந்து சுமார் 850 அடி உயரத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் உயரமான சந்தை ஊர்களில் ஒன்று. மழை அதிகம், வெயில் குறைவு. கோதுமை சரியாக விளையாது, புல் விளையும். புல் விளைந்தால் மாடும் ஆடும். கோடையில் பால் பெருகும், ஆனால் குடிக்க ஆள் இல்லை, விற்க நகரம் பக்கத்தில் இல்லை. இரண்டு நாளில் கெட்டுப்போகும் பொருளை இரண்டு மாதம் தாங்கும் பொருளாக மாற்றினால்தான் பிழைப்பு. சீஸ் என்பது இங்கே சுவைக்காகத் தொடங்கியதல்ல, தேவைக்காகத் தொடங்கியது.

கைமுறையைக் கொண்டுவந்தவர்கள் சிஸ்டர்சியன் என்ற கிறிஸ்தவச் சபையின் துறவிகள் என்று சொல்வார்கள். 12-ஆம் நூற்றாண்டில் ஃபோர்ஸ் என்ற இடத்தில் மடம் அமைத்து, 1156-ல் கீழே ஜெர்வோவுக்கு இடம்பெயர்ந்தவர்கள் அவர்கள். அன்று செம்மறியாட்டுப்பால் சீஸ்தான். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, 1537-ல் ஜெர்வோ மடமும் போயிற்று, அதன் தலைவர் தூக்கிலிடப்பட்டார். கைமுறை மட்டும் பண்ணை வீடுகளின் அடுக்களைக்குள் குடியேறி, காலப்போக்கில் பசும்பாலுக்கு மாறியது. அடுத்த முந்நூற்றைம்பது ஆண்டுகள் அதைக் காப்பாற்றியது பண்ணைப் பெண்கள். இந்த வரலாற்றில் துறவிகளுக்குக் கிடைக்கும் இடத்தில் பாதிகூட அவர்களுக்குக் கிடைப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

செய்முறை பார்க்க எளிது. இளஞ்சூடான பாலில் புளிக்க வைக்கும் உறையும், பாலைத் திரைய வைக்கும் ரென்னெட் என்ற நொதியும் சேர்த்து விடுவார்கள். திரைந்ததைக் கத்தியால் வெட்டி, பிரிந்து நிற்கும் தண்ணீரை வடித்து, கட்டியை உடைத்து உப்புப் போட்டு, அச்சில் இட்டு, துணி சுற்றி, பாரம் வைத்து அழுத்துவார்கள். வென்ஸ்லிடேல் இளம் சீஸ். சில வாரங்களிலேயே சாப்பிடலாம். கையில் எடுத்தால் உதிரும், மெல்லிய புளிப்பு இருக்கும், கடைசியில் தேன் போல ஓர் இனிப்பு வரும். யார்க்‌ஷயரில் ஆப்பிள் பையோடும் கிறிஸ்துமஸ் பழக் கேக்கோடும் ஒரு துண்டு வைத்துத் தின்பார்கள். எந்த நொடியில் வெட்டுவது, எவ்வளவு புளிக்க விடுவது என்பது அன்றைய பாலைப் பொறுத்தது. அது கைக்குத்தான் தெரியும். இந்த விவரம் பின்னால் முக்கியமாகும்.

1878-ல் ஹாஸுக்கு ரயில் வந்தது. பாலைப் பாலாகவே நகரங்களுக்கு அனுப்பும் வழி திறந்தது. 1897-ல் எட்வர்ட் சாப்மன் என்ற உள்ளூர்த் தானிய, மளிகை வியாபாரி பண்ணைகளில் இருந்து பாலை மொத்தமாக வாங்கி, ஊரிலேயே சீஸ் செய்யத் தொடங்கினார். அடுக்களைத் தொழில் ஆலைத் தொழிலானது அப்போதுதான்.

முதல் மீட்பு, 1935

1992-ஐப் பேசுகிறவர்கள் 1935-ஐ மறந்துவிடுகிறார்கள். எனக்கு இந்த நிகழ்வின் சாவி அங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது.

1930-களின் பொருளாதார மந்தத்தில் ஆலை கடனில் மூழ்கியது. 1933-ல் வந்த பால் விற்பனை வாரியத்தோடு ஒப்பந்தச் சிக்கலும் சேர்ந்துகொள்ள, மூடுவதுதான் வழி என்ற நிலை. அப்போது கிட் கால்வர்ட் என்ற உள்ளூர்க்காரர் ஊர் மண்டபத்தில் கூட்டம் கூட்டினார். கல்குவாரித் தொழிலாளியின் மகன், அப்போது முப்பது வயதைச் சற்றே தாண்டியவர். விவசாயிகளையும் கடைக்காரர்களையும் பேசிச் சம்மதிக்க வைத்துப் பணம் திரட்டி ஆலையை ஊரின் கையில் நிறுத்தினார். இரண்டாம் உலகப் போர் வந்தபோது அரசு சீஸ் வகைகளையெல்லாம் ஒடுக்கி, கெட்டியான ஒரே வகையை ரேஷனுக்காகச் செய்யச் சொன்னது. அந்தக் காலத்தில் எத்தனையோ பண்ணைகள் தங்கள் சீஸை நிரந்தரமாகக் கைவிட்டன. ரேஷன் 1954-ல்தான் முழுதாக முடிந்தது. கால்வர்ட் ஆலையை அதற்குள் கெய்ல் சாலையில் புதிய கட்டடத்துக்குக் கொண்டுவந்துவிட்டிருந்தார்.

மனிதர் சுவாரசியமானவர். ஊரில் பழைய புத்தகக் கடை ஒன்று வைத்திருந்தார். அவர் இல்லாத நேரத்தில் வருகிறவர்கள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு காசைத் தட்டில் போட்டுவிட்டுப் போவார்கள். பைபிளின் சில பகுதிகளை யார்க்‌ஷயர் வட்டார வழக்கில் எழுதினார். ஆடு மேய்ப்பவர் பேசும் பேச்சிலேயே அந்த வாசகங்கள் ஒலிக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

1966-ல் ஆலை பால் விற்பனை வாரியத்துக்கு விற்கப்பட்டது. அன்று அது பாதுகாப்பான கையாகத் தெரிந்திருக்கும். விவசாயிகளின் பாலை முழுக்க வாங்கிக்கொள்ளக் கடமைப்பட்ட அமைப்பு, யாருக்குத்தான் சந்தேகம் வரும்? ஆனால் முடிவெடுக்கும் மேசை ஊரை விட்டுப் போனது அந்த நாளில்தான். 1992-ல் நடந்தது அதன் தாமதமான விளைவு.

திரும்பி வந்தது எப்படி

ஹாஸ் ஆலைக்கு லாபம் வந்ததா என்பதல்ல டெய்ரி கிரெஸ்ட் எதிர்கொண்ட கேள்வி. பெரிய ஆலைகளில் உற்பத்தியைக் குவித்தால் செலவு குறையும் என்ற கணக்கு அது. அந்தக் கணக்கில் ஒரு மலையூரின் தொலைவு எப்போதும் குறையாகத்தான் தெரியும். ரயிலும் இல்லை. கிழக்குப் பக்கப் பயணிகள் ரயில் 1954-லும் மேற்குப் பக்கம் 1959-லும் நின்றுவிட்டன.

அப்படியிருந்தும் ஆலை திரும்பியதற்கு முதல் காரணம், வேலை போனவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. ஆறு மாதம் என்பது கைப்பழக்கம் மறக்காத அளவு குறுகிய காலம். இரண்டு ஆண்டு கழிந்திருந்தால் அந்த 11 பேரில் எத்தனை பேரைத் திரட்டியிருக்க முடியும்? கட்டடத்தை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். பாலைத் தொட்டுப் பார்த்து இப்போது வெட்டு என்று சொல்லும் ஆளை வாங்க முடியாது. மேலாளர்களும் வெளியிலிருந்து வந்த முதலீட்டாளர்கள் அல்ல, அதே தளத்தில் நின்று வேலை பார்த்தவர்கள்.

அடுத்தது பெயர். வேறெங்கோ செய்தாலும் வென்ஸ்லிடேல் என்றே விற்கலாம் என்று நிறுவனம் நம்பியது. அந்தப் பெயரின் மதிப்பே இடத்தில் இருந்து வந்தது என்பதை ஊர்க்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். மூடல் செய்தி நாடு முழுக்கப் பரவக் காரணமும் அதுதான். எதிரிக் கவுண்டிக்குப் போன சீஸ் என்பது எந்தப் பத்திரிகையும் விடாத கதை. ஆலையை வாங்க முன்வந்தவர்கள் பலர்.

அப்புறம், காலம். இதைப் பலரும் கவனிப்பதில்லை. 1994-ல் பால் விற்பனை வாரியம் கலைக்கப்பட்டது. அதுவரை எந்த மூலையில் கறந்த பாலானாலும் வாரியம் வாங்கியாக வேண்டும். ஆகவே ஆலை மூடிய ஆறு மாதமும் பண்ணைகளுக்குப் பால் பணம் வந்துகொண்டிருந்தது, மாடுகளை விற்க வேண்டியிருக்கவில்லை. வாரியம் போன பிறகு இந்த மூடல் நடந்திருந்தால், மலைச்சாலையில் இத்தனை தூரம் டேங்கர் அனுப்பத் தனியார் ஒருவர் மனம் வைத்தால்தான் உண்டு. ஆலை திரும்பும்போது பால் இருந்திருக்காது. ஆலையை மூடிய அதே அமைப்புமுறைதான் பண்ணைகளைத் தாங்கியும் வைத்திருந்தது. எனக்கு இது சங்கடமான உண்மை, ஆனால் மறைக்க முடியாது.

இவற்றுக்கு அடியில் 1935-ன் நினைவு இருந்தது. ஊர் கூடினால் நடக்கும் என்பதை அவர்கள் புதிதாக நம்ப வேண்டியிருக்கவில்லை. தாத்தா காலத்தில் நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, களிமண் பொம்மை. அனிமேஷன் பட இயக்குநர் நிக் பார்க் களிமண்ணில் உருவாக்கிய வாலஸ் என்ற பாத்திரம் சீஸ் பைத்தியம். 1995-ல் வெளிவந்த ஒரு குறும்படத்தில் வென்ஸ்லிடேல் என்ற பெயரை உச்சரித்தது. அந்தச் சொல்லைச் சொல்லும்போது களிமண் வாய் அழகாக விரியும் என்பதால்தான் நிக் பார்க் அதைத் தேர்ந்தார், ஆலையின் சிரமம் அவருக்குத் தெரியாது. ஆலை உரிமம் பெற்று அந்தப் பாத்திரங்களின் படத்தோடு சீஸ் விற்றது. 2005-ல் முழுநீளப் படம் வந்தபோது விற்பனை 23 விழுக்காடு உயர்ந்தது. பெரிய உதவிதான், நன்றியோடு சொல்ல வேண்டியதுதான். ஆனால் குறும்படம் வந்தபோது ஆலை திரும்ப ஓடத் தொடங்கி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. பொம்மை வந்து காப்பாற்றியது என்று சொன்னால், அந்த 11 பேர் காணாமல் போகிறார்கள்.

ஆலைக்கு வெளியே இருக்கும் நிலம்

ஆலை பிழைத்ததால் சுற்றுப்புறம் பழையபடி பிழைத்ததா? இங்கே விடை அவ்வளவு தெளிவாக இல்லை.

ஊரை விட்டு வெளியே வந்தால் சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர்கள் மலைச்சரிவெங்கும் ஓடும். டேல்ஸ் தேசியப் பூங்காவில் அவற்றின் மொத்த நீளம் 8,000 கிலோமீட்டருக்கு மேல். சுவர்களுக்கு நடுவே, ஏறத்தாழ வயலுக்கு ஒன்றாக, சிறு கல் கொட்டகைகள். மேல்பரணில் காய்ந்த புல், கீழே நாலைந்து மாடுகள். நவம்பரில் கட்டினால் மே மாதம்தான் அவிழ்ப்பார்கள். அந்த வயலின் புல்லை அங்கேயே சேமித்து, அங்கேயே தின்னக் கொடுத்து, சாணத்தை அதே வயலில் இறைப்பார்கள். மாட்டுக்காரர் பனியில் கொட்டகை கொட்டகையாக நடந்து பால் கறப்பார்.

அந்த முறைதான் பூப்புல்வெளிகளை உண்டாக்கியது. மே மாதம் ஆடுகளை வெளியேற்றி வயலைப் பூட்டி, ஜூலை நடுவுக்குப் பிறகு புல் அறுப்பார்கள். அதற்குள் எல்லாப் பூவும் விதைத்துவிடும். யெல்லோ ராட்டில் என்று ஒரு செடி உண்டு, புல்லின் வேரில் ஒட்டி அதன் வேகத்தைக் குறைத்து மற்றப் பூக்களுக்கு இடம் கொடுக்கும். காய் காய்ந்து உள்ளே விதைகள் கிலுகிலுத்தால் புல் அறுப்புக்குத் தயார் என்று அர்த்தம். 1930-களில் தொடங்கி ஐம்பது ஆண்டுகளில் இங்கிலாந்தும் வேல்ஸும் இத்தகைய வெளிகளில் சுமார் 97 விழுக்காட்டை இழந்தன. மிஞ்சியவற்றில் நல்லவை சில இந்த மலைகளில்தான் இருக்கின்றன.

இன்று பெரும்பாலான கொட்டகைகள் காலி. மாடுகள் பெரிய கூடங்களில் நிற்கின்றன. காய்ந்த புல்லுக்குப் பதில் சைலேஜ் என்ற ஊறுகாய்ப்புல், அதைச் சீக்கிரமே வெட்டிச் சுற்றி வைத்துவிடலாம். மழை பெய்யும் நாட்டில் இது பெரிய நிம்மதி, விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பூ விதைப்பதற்குள் வெட்டு விழுந்துவிடுகிறது. ஆலைக்கு நாற்பது சொச்சம் பண்ணைகள் பால் தருகின்றன. ஆனால் ஐக்கிய இராச்சியத்தில் 1990-களின் நடுவில் இருந்த முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பால் பண்ணைகளில் இன்று மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மிஞ்சியவை பெரிதாகித்தான் மிஞ்சின. ஆலை பால் பண்ணையைக் காத்தது. அந்தப் பழைய வயலை அதனால் காக்க முடியவில்லை.

மலையின் மேல்பகுதி ஆடுகளுடையது. கருமுகமும் சுருள்கொம்பும் கொண்ட ஸ்வேல்டேல் இனம். வேலி இல்லாத மலையில் தன் பட்டியின் எல்லையைத் தாய் ஆட்டிடம் இருந்து குட்டி கற்றுக்கொள்ளும். அந்தப் பெட்டை ஆட்டை ப்ளூஃபேஸ்டு லெஸ்டர் கிடாயோடு சேர்த்துப் பிறக்கும் மியூல் குட்டிகளை வாங்க, இலையுதிர்காலத்தில் சமவெளி விவசாயிகள் ஹாஸ் ஏலக்கூடத்துக்கு வருவார்கள். ஏலக்கூடம் விவசாயிகளின் சொந்த நிறுவனம். 2001-ல் கோமாரி நோய் வந்து நாடெங்கும் கால்நடைச் சந்தைகள் நிறுத்தப்பட்டபோது, அந்தக் கூடம் எத்தனை பேர் வாரத்துக்கு ஒருமுறை சந்தித்துப் பேசும் ஒரே இடம் என்பதும் தெரிந்தது.

ஊர் வேறு சிலவற்றையும் தானே எடுத்து நடத்துகிறது. தபால் அலுவலகம், நூலகம், பெட்ரோல் நிலையம், கார்ஸ்டேல் ரயில் நிலையத்துக்குப் போய்வரும் சிறிய வெள்ளைப் பேருந்து எல்லாம் சமூக அமைப்பின் பொறுப்பில். தீராத பிரச்சினை வீடு. விடுமுறைக்கு மட்டும் வருகிறவர்கள் வாங்கிப் பூட்டிவைக்கும் வீடுகள் பெருகி, ஆலையிலோ பண்ணையிலோ வேலை பார்க்கும் இளைஞருக்கு வாடகை வீடு கிடைப்பதே கஷ்டம். 2025 ஏப்ரலில் இருந்து வடக்கு யார்க்‌ஷயர் கவுன்சில் இரண்டாம் வீடுகளுக்கு இரட்டை வரி போடுகிறது.

2021

2019-ல் கனடாவின் சபூடோ நிறுவனம் டெய்ரி கிரெஸ்டை வாங்கியது. 2021 ஜூலையில் அதே சபூடோ ஹாஸ் ஆலையையும் 2.3 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அன்று ஆலையை மூடிய நிறுவனமும் மூடப்பட்ட ஆலையும் இன்று ஒரே குடையின் கீழ். முடிவெடுக்கும் மேசை இப்போது மான்ட்ரியலில்.

நான் இதைக் கெட்ட செய்தி என்று முடிவுகட்டவில்லை. இருநூறு பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஆலைக்குப் பெரிய முதலீடு தேவை, குருதிநெல்லி கலந்த வென்ஸ்லிடேல் அமெரிக்காவரை போகிறது. ஆனால் 1966-ம் இப்படித்தான் தொடங்கியது என்பதை மறக்க முடியவில்லை.

ஒன்று மட்டும் அன்று இல்லாதது, இன்று இருக்கிறது. 2013-ல் ‘யார்க்‌ஷயர் வென்ஸ்லிடேல்’ என்ற பெயருக்குப் புவிசார் காப்பு கிடைத்தது. வெறும் வென்ஸ்லிடேல் என்று எந்த ஊரிலும் செய்து விற்கலாம். யார்க்‌ஷயர் வென்ஸ்லிடேல் என்று எழுத வேண்டுமென்றால் சீஸ் இந்தப் பள்ளத்தாக்கில்தான் தயாராக வேண்டும். 1992-ல் அந்தப் பெயரை லாரியில் ஏற்றி லங்காஷயருக்குக் கொண்டுபோக முடிந்தது. இப்போது அதைக் கொண்டுபோக முடியாது.